அடுக்குமாடி வீட்டில் எந்த அறைக்குப் புகை அலாரம், எந்த அறைக்கு வெப்ப அலாரம்?

ஐந்தாம் மாடி எழுதியது:

வணக்கம். நாங்கள் வசிப்பது அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது தளத்தில் உள்ள இரண்டு படுக்கையறை வீடு. நான், மனைவி, எட்டு வயது மகள், எழுபத்து நான்கு வயதான என் தாயார் என நால்வர் இருக்கிறோம். வாசற்கதவைத் திறந்தால் ஒரு குறுகிய நடை. அதன் இடப்புறம் கதவில்லாத திறப்பு வழியாகச் சமையலறை. நடை முடியும் இடத்தில் கூடம். கூடத்தின் இரு பக்கங்களிலும் படுக்கையறைகள். ஒன்றில் நானும் மனைவியும், மற்றதில் பாட்டியும் பேத்தியும் உறங்குகிறோம். வெளியேற அந்த ஒரு வாசல்தான் உண்டு. சமையலறையைக் கடக்காமல் யாரும் வெளியே போக முடியாது என்பதை வீட்டை வாங்கும்போது நாங்கள் யோசிக்கவே இல்லை.

எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் நடையின் கூரையில் ஒரு புகை அலாரம் பொருத்தியிருந்தார்கள். அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலே அது அலறும். முதலில் துண்டால் விசிறினோம். பிறகு நாற்காலி போட்டு ஏறி நிறுத்தினோம். கடைசியில் ஒரு நாள் யாரோ அதைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்து, மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான்.

சென்ற வாரம் இரவு பதினொன்றரை மணிக்குக் கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகத் தொடங்கியிருக்கிறது. தீ எழவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவிக்கு மீன்செதில் கருகியது போன்ற ஒரு நாற்றம் பட்டதால் தப்பினோம். சோபாவை நகர்த்திப் பார்த்தபோது பின்துணியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு வட்டம் ஒன்று இருந்தது; தொட்டால் சூடாக இருந்தது.

இப்போது ஒழுங்காக அலாரங்கள் வாங்க வேண்டும் என்று உட்கார்ந்தால், பெட்டிகளின் மேல் எழுதியிருப்பது எதுவும் தெளிவாக இல்லை. அயனியாக்க வகை என்கிறார்கள், ஆப்டிகல் என்கிறார்கள், வெப்ப அலாரம் தனி என்கிறார்கள், எல்லாம் சேர்ந்த ஒன்றும் இருக்கிறது. வெப்ப அலாரம் பொய்யாக அலறாது என்றால் அதையே எல்லா இடத்திலும் வைத்துவிட்டால் என்ன? படுக்கையறைக்குள்ளும் வைக்க வேண்டுமா, கூடத்தில் ஒன்று போதுமா? தாயாருக்குக் காது சற்று மந்தம் என்பதையும், கதவைச் சாத்திக்கொண்டு மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துத்தான் உறங்குவார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கூரையும் கம்பியும் எழுதியது:

மின்பணி என் தொழில். இந்தக் கருவிகளை நிறையப் பொருத்தியிருக்கிறேன், அதைவிட நிறையக் கழற்றியிருக்கிறேன்.

முதலில் இழுப்பறையில் கிடப்பதைத் திருப்பிப் பின்புறத்தைப் படியுங்கள். தயாரித்த தேதி அங்கே அச்சிடப்பட்டிருக்கும். புகை அலாரத்தின் ஆயுள் பத்து ஆண்டு. அது வாங்கிய நாளிலிருந்து அல்ல, தயாரித்த நாளிலிருந்து கணக்கு. தேதியே காணப்படவில்லை என்றால் காலாவதியானது என்றே எடுத்துக்கொள்ளலாம். அமெரிசியம் 241 என்ற சொல்லோ கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்று இதழ்ச் சின்னமோ இருந்தால் அது அயனியாக்க வகை. எண்ணெய் காய்ந்தாலே அலறியது என்பதை வைத்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வகைக் கருவிக்குள் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அமெரிசியம் இருக்கும். அதிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்கள் இரு தகடுகளுக்கு இடையிலுள்ள காற்றை அயனியாக்க, ஒரு மிகச் சிறிய மின்னோட்டம் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். புகைத் துகள்கள் உள்ளே புகுந்து அயனிகளைப் பற்றிக்கொண்டதும் ஓட்டம் குறையும்; கருவி அலறும். கதிரியக்கம் என்றதும் பதற வேண்டாம், ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். ஆனால் கருவியைப் பிரித்துப் பார்க்கவோ உடைக்கவோ எரிக்கவோ கூடாது. தயாரிப்பாளர் குறிப்பில் சொல்லியுள்ளபடி ஒப்படைத்துவிடுங்கள். இந்த வகை மிகச் சிறிய துகள்களை விரைவில் உணரும். சுடர்விட்டு எரியும் தீயிலிருந்து வருவதும், காய்ந்த எண்ணெயிலிருந்து வருவதும் அந்த நுண்துகள்கள்தான் என்பதால் சமையலறைக்குப் பக்கத்தில் இதற்கு இருப்புக்கொள்ளாது.

ஆப்டிகல் வகை வேறு விதம். சாத்திய சன்னலின் இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள்; வெயிலுக்கு நேரே கண்ணை வைக்காமல் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போதுதான் அது தெரியும். கருவிக்குள் வெளிச்சம் புகாதபடி வளைந்து வளைந்து அமைந்த ஒரு இருண்ட அறை உண்டு. அதில் ஒரு எல்ஈடி ஒளி வீசும். ஒளியுணரி அதற்கு நேரே இல்லாமல் கோணத்தில் ஒதுங்கியிருக்கும். புகை வந்தால் ஒளி சிதறி உணரியின் மேல் விழும். பெரிய துகள்களை இது நன்றாகப் பிடிக்கும். பஞ்சு, நுரைமெத்தை, மின்கம்பியின் உறை ஆகியவை சுடரில்லாமல் புழுங்கிக் கனியும்போது வருவது அப்படிப்பட்ட புகை. உங்கள் சோபாவுக்குப் பின்னால் நடந்தது அதுதான். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் வீட்டுத் தீயை வைத்துச் செய்த சோதனைகளிலும், சுடர்த்தீயில் அயனியாக்க வகை சற்றே முந்தியது, கனியும் தீயில் ஆப்டிகல் வகை வெகுவாக முந்தியது. சற்றே, வெகுவாக என்ற இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரு வகையைத்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது என்பது எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

வெப்ப அலாரம் புகையைப் பார்ப்பதே இல்லை. கூரையை ஒட்டிய காற்று ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அலறும். பெரும்பாலான வீட்டுக் கருவிகள் 54 முதல் 65 டிகிரி வரையிலான வரம்புக்குள் இயங்கும்படி செய்யப்பட்டவை. வெப்பநிலை நிமிடத்துக்கு 8 டிகிரி அளவில் தாவினால் முன்கூட்டியே இயங்கும் வகையும் உண்டு. அடுமனைப் பெட்டியை, அதாவது ஓவனை, திறந்ததும் கிளம்பும் அனலிலேயே அது ஏமாறக்கூடும். சமையலறைக்கு நிலையான வெப்பநிலை வகையே நல்லது. அறையின் எந்த மூலையிலிருந்தும் 5.3 மீட்டருக்குள் இருக்குமாறு, அடுப்புக்கு நேர் மேலே வராமல், கூரையின் நடுப்பகுதியில் பொருத்துங்கள்.

எல்லா இடத்திலும் வெப்ப அலாரமே வைத்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் சோபா அந்தப் புழுக்கத்திலேயே இரண்டு மணி நேரம் கிடந்திருந்தாலும் கூடத்தின் கூரை 58 டிகிரியை எட்டியிருக்காது. அதற்குள் அறை முழுவதும் நச்சுப் புகை நிறைந்திருக்கும். புகை அலாரத்தைக் கொண்டுபோய் வைத்தால் நாளுக்கு மூன்று முறை பொய்யாக அலறும் என்ற இடத்துக்கு மட்டுமே வெப்ப அலாரம்.

இனி நடை. பழைய கருவி அடுப்பிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்று அளந்து பாருங்கள். 3 மீட்டருக்குக் குறைவாக இருந்திருந்தால், எந்த வகையாக இருந்தாலும் தொல்லைதான். நடையும் கூடமும் சேரும் இடத்துக்குப் புதியதை நகர்த்துங்கள். கூரையில், சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் குறைந்தது 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும், சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று தேங்கி நிற்பதால் புகை அங்கே தாமதமாகத்தான் வந்து சேரும். மின்விசிறி இறக்கையின் நுனியிலிருந்தும், குளிரூட்டியின் காற்று வாயிலிருந்தும், குளியலறைக் கதவிலிருந்தும் 90 செ.மீ. விலகியிருக்க வேண்டும்.

ஒரு கடைசிச் செய்தி. சுவருக்கு வண்ணம் அடித்து மூன்று ஆண்டு கழிந்த ஒரு வீட்டில், அலாரத்தின் மேல் தூசிக்காகப் போட்ட பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்ததை ஒரு முறை கண்டேன். பொத்தானை அழுத்தினால் நன்றாகவே ஒலித்தது. ஏனென்றால் பல கருவிகளில் அந்தப் பொத்தான் பேட்டரியையும் மின்சுற்றையும் ஒலிப்பானையும் சோதிக்குமே தவிர, புகை உள்ளே நுழைய வழி இருக்கிறதா என்று பார்க்காது. மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்துங்கள். அப்போதே கண்ணாலும் பார்த்துவிடுங்கள்.

முன்னாள் தீயணைப்பாளர் எழுதியது:

மேலே நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதை வாங்குவது என்பதைவிட, அலறுவது படுக்கையில் இருப்பவருக்குக் கேட்குமா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

புகை அலாரங்களுக்கான ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 14604 கேட்பது 3 மீட்டர் தொலைவில் 85 டெசிபல் ஒலி. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். நடையில் இருக்கும் கருவி தங்கள் தாயாரின் அறைக்கதவிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கதவுக்கு வெளியே 79 டெசிபல் அளவில் வந்து சேரும். சாத்திய கதவு அதில் பதினைந்து, இருபது டெசிபலை விழுங்கிவிடும். மிச்சம் அறுபது சொச்சம். அது இருவர் பேசிக்கொள்ளும் அளவு. உறங்குபவரின் தலையணையருகே 75 டெசிபல் வேண்டும் என்கிறது அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 விதித்தொகுப்பு. முழு வேகத்தில் சுழலும் மின்விசிறியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

உடனே கதவைத் திறந்து வைத்து உறங்கச் சொல்லலாம் என்று தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். எரிந்த வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெளிப்பக்கம் கரிக்கட்டையாகிப்போன ஒரு கதவைத் திறந்தபோது, உள்ளே கட்டில் விரிப்பின் பூக்கள் நிறம் மாறாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன். சாத்திய கதவு புகையையும் அனலையும் தடுத்து விலைமதிப்பற்ற சில நிமிடங்களைத் தருகிறது. அதே கதவுதான் ஒலியையும் தடுக்கிறது. கதவும் சாத்தியிருக்க வேண்டும், ஒலியும் கேட்க வேண்டும் என்றால் கருவி அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், அதுவும் மற்றக் கருவிகளோடு இணைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். சமையலறையில் வெப்ப அலாரம் இயங்கிய அந்த நொடியே பாட்டியின் தலைக்கு மேலுள்ளதும் அலற வேண்டும்.

உங்கள் வீட்டு அமைப்புக்கு இந்த இணைப்பு ஆடம்பரம் அல்ல. வெளியேறும் வழி சமையலறையைத் தொட்டுக்கொண்டு போகிறது. தனித்தனிக் கருவிகளாக இருந்தால், சமையலறையில் தீ வளர்ந்து, புகை நடையை நிரப்பி, கூடத்தைக் கடந்து, கதவிடுக்கு வழியே நுழைந்த பிறகுதான் படுக்கையறைக் கருவிக்குச் செய்தி தெரியும். அதற்குள் நடை உங்களுக்கு உதவாது. 1970களில் செய்த சோதனைகளில், சுடர்த்தீ மூண்ட வீட்டில் உயிர் தரிக்க முடியாத நிலை வரச் சராசரியாக 17 நிமிடம் ஆனது. 2004இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனை முடிவுகளில் அது 3 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. நம்முடைய இருக்கைகளும் மெத்தைகளும் இப்போது பாலியூரித்தேன் நுரையால் ஆனவை என்பது இதற்கு முக்கியமான காரணம்.

இணைப்பு கம்பி வழியாகவும் இருக்கலாம், ரேடியோ அலை வழியாகவும் இருக்கலாம். ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் ரேடியோ வகையே எளிது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு பேசாது என்பதால் எல்லாவற்றையும் ஒரே தயாரிப்பில் வாங்குங்கள்.

முன்மாதிரி ஒன்று வேண்டுமானால், ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் எல்லா வீடுகளுக்கும் உள்ள விதியைப் பாருங்கள்: பகலில் அதிகம் புழங்கும் கூடத்தில் ஒரு புகை அலாரம், ஒவ்வொரு நடையிலும் ஒன்று, சமையலறையில் வெப்ப அலாரம், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. படுக்கையறையை அந்த விதி கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் கேட்கிறது; 2027 ஜனவரி 1 முதல் அங்குள்ள எல்லா வீடுகளிலும் ஒவ்வொரு படுக்கையறையிலும் இணைக்கப்பட்ட ஆப்டிகல் வகை இருக்க வேண்டும். இரண்டில் உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது பின்னது என்பது என் கருத்து.

வடக்குச் சன்னல் எழுதியது:

காது மந்தமான பெரியவரோடு வாழ்பவள் என்பதால் அந்த ஒரு பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாதாரண அலாரத்தின் ஒலி 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சுக் குரல். வயதாகும்போது காது முதலில் இழப்பது இந்த உயர்ந்த சுருதிகளைத்தான். என் தந்தை எதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்வார். அதனால் அவருக்கு அலாரம் கேட்கும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். ஒரு பகல் தூக்கத்தின்போது கருவியைச் சோதித்துப் பார்த்தோம். அடுத்த வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். தந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை.

520 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் அலாரங்கள் உண்டு. செவித்திறன் குறைந்தவர்களையும் சிறுவர்களையும் எழுப்புவதில் கீச்சுக் குரலைவிட அது நன்றாக வேலை செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறுவர்களையும் என்பதைச் சேர்த்துப் படியுங்கள்: எட்டு வயதுக் குழந்தைகள் பலர் சாதாரண அலாரத்துக்கு எழுவதே இல்லை. எழுப்பக் கடினமான இருவரை ஒரே அறையில் வைத்திருக்கிறீர்கள். பாட்டி பேத்தியை எழுப்புவார், பேத்தி பாட்டியை எழுப்புவாள் என்ற கணக்கில் இருக்க வேண்டாம்.

இன்னொரு துணை, தலையணைக்கோ மெத்தைக்கோ அடியில் வைக்கும் அதிர்வுத் தட்டு. அலாரம் இயங்கியதும் அது குலுங்கும். கூடவே பளிச்சிடும் விளக்கும் சேர்ந்த தொகுப்பாகக் கிடைக்கும். விளக்கை மட்டும் நம்ப வேண்டாம், உறங்குபவரை எழுப்பும் வலு அதற்குக் குறைவு. தந்தை முதலில் மறுத்தார். தன்னைக் கிழவனாக்குகிறோம் என்ற கோபம். ஒரு வாரம் கழித்து, இனி காலை எழுப்பும் கடிகாரத்தையும் இதோடு இணைக்க முடியுமா என்று கேட்டார்.

எல்லாம் ஒன்றில் எழுதியது:

இவ்வளவு வகை பிரித்துக் குழப்பிக்கொள்வானேன்? ஒளியுணரி, வெப்ப உணரி, கார்பன் மோனாக்சைடு உணரி மூன்றும் சேர்ந்து, வைஃபை வழியாகக் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. எல்லா அறைக்கும் அதையே ஒரே மாதிரி வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. நான் அலுவலகத்தில் இருந்தாலும் வீட்டில் அலாரம் அடித்தால் எனக்குத் தெரிகிறது.

கூரையும் கம்பியும் எழுதியது:

பல உணரி சேர்ந்த கருவியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். புகையும் வெப்பமும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்து முடிவெடுப்பதால் பொய் அலறல் குறையும். அவர் வீட்டு நடையில், அடுப்பிலிருந்து 3 மீட்டர் விலக்க இடமே இல்லாமல் போனால் அங்கே அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் சமையலறைக்குள் அதை மாட்டினால் அதற்குள் இருக்கும் ஒளியுணரி சும்மா இருக்காது.

கைப்பேசிச் செய்தியை ஓர் உபரியாகத்தான் கொள்ள வேண்டும். தீ பிடித்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் என்றால் முதலில் அணைவது அதில் செருகியிருக்கும் வைஃபை கருவியாகவே இருக்கலாம். அலாரங்கள் தங்களுக்குள் நேரே பேசிக்கொள்ளும் ரேடியோ இணைப்பு இணையத்தை நம்பி இருப்பதில்லை. வாங்கும்போது இந்த ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கார்பன் மோனாக்சைடு வேறு கதை. நிறமோ மணமோ இல்லாத அந்த வாயுவைப் புகை அலாரம் கண்டுகொள்ளாது. எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவி போல ஏதாவது வீட்டுக்குள் எரிகிறது என்றால் தனிக் கருவி வேண்டும். ஐரோப்பியத் தரத்தின்படி, அந்த வாயு காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்துக்குள்ளும் கருவி அலற வேண்டும். 50 பங்குக்கு ஏன் அவ்வளவு தாமதம் என்றால், அந்த வாயு உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்துதான் கெடுதல் செய்யும். அளவும் நேரமும் சேர்ந்த கணக்கு அது.

பேட்டரியைப் பற்றி யாரும் எழுதவில்லை. மின் இணைப்போடு மாற்றுப் பேட்டரியும் உள்ளது சிறந்தது. கம்பி இழுக்க வழியில்லை என்றால் பத்து ஆண்டு நீடிக்கும் மூடி முத்திரையிட்ட லித்தியம் பேட்டரி வகை. அதில் கழற்றுவதற்கு ஒன்றுமே இருக்காது என்பது உங்களைப் பொறுத்தவரை கூடுதல் தகுதி, கோபித்துக்கொள்ள வேண்டாம். மாற்றக்கூடிய பேட்டரி உள்ள வகையை வாங்கினால், விடியற்காலை மூன்று மணிக்கு அது நிமிடத்துக்கொரு முறை கிச்சென்று கத்தத் தொடங்கும். வீடு குளிரும் அந்த நேரத்தில் தளர்ந்த பேட்டரியின் மின்னழுத்தம் இன்னும் இறங்குவதால் அப்படி நேர்கிறது. பகலில் சூடு ஏறியதும் அடங்கிவிடும், நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

கட்டடத்துக்கென்று பொதுத் தீயறிவிப்பு அமைப்பு இருந்து, அதன் உணரி உங்கள் வாசலருகே கூரையில் இருந்தால் அதைத் தொட வேண்டாம். அது கட்டடத்தின் பொதுக் கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செய்தி சொல்வது. உங்களை உறக்கத்திலிருந்து எழுப்பும் வேலை அதனுடையது அல்ல என்பதால் வீட்டு அலாரங்களுக்கு அது மாற்றும் ஆகாது.

ஐந்தாம் மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆனதற்குக் காரணம், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்ததுதான்.

பழைய கருவியின் பின்புறம் பார்த்தேன். தயாரித்துப் பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது, அயனியாக்க வகையேதான். அடுப்பிலிருந்து அது இருந்த இடம் 1.9 மீட்டர். நடையும் கூடமும் சேரும் இடம் 3.4 மீட்டர் வருகிறது. ஆகவே அங்கே ஆப்டிகல் வகை ஒன்று, கூடத்தில் ஒன்று, இரு படுக்கையறைகளிலும் ஒவ்வொன்று, சமையலறையில் நிலையான வெப்பநிலை வகை ஒன்று என ஐந்து கருவிகள், ஒரே தயாரிப்பு, ரேடியோ இணைப்பு, மூடிய பேட்டரி. தாயாரின் கட்டிலுக்கு அதே தொகுப்போடு பேசும் அதிர்வுத் தட்டும் வாங்கினேன். 520 ஹெர்ட்ஸ் ஒலி அந்தத் தயாரிப்பில் கிடைக்கவில்லை.

பெரியவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, நாள் குறிப்பிடாமல், நேற்று இரவு ஒரு மணிக்குச் சமையலறைக் கருவியின் பொத்தானை அழுத்தினேன். நான்கு நொடிக்குள் மற்ற நான்கும் சேர்ந்துகொண்டன. தாயார் எழுந்து உட்கார்ந்து, எனக்குப் பெயர் வைத்த நாளை நொந்துகொண்டார். மகள் எழவில்லை. தலைக்கு மேல் இரண்டு மீட்டரில் அது அலறிக்கொண்டிருக்க, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உறக்கத்தைத் தொடர்ந்தாள். வடக்குச் சன்னல் எழுதியதைப் படித்திராவிட்டால் நான் அதை நம்பியிருக்க மாட்டேன்.

முன்னாள் தீயணைப்பாளர் எழுதியது:

இந்தச் சோதனையைச் செய்தது நல்லதாயிற்று. குழந்தை எழாததைக் கருவியின் குறையாக எண்ணி மாற்ற வேண்டாம். யார் அவளைத் தூக்குவது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறையிலிருந்து அவள் அறைக்குப் போகக் கூடத்தைக் கடக்க வேண்டும், ஆகவே அது ஒருவருடைய வேலை என்று பெயர் சொல்லித் தீர்மானித்திருக்க வேண்டும். வாசற்சாவி பூட்டுக்குப் பக்கத்திலேயே, இருட்டில் கைக்கு எட்டும்படி தொங்கட்டும். நடையில் புகை இறங்கிவிட்டிருந்தால் வாசலுக்கு முயலாமல் நால்வரும் ஒரே படுக்கையறைக்குள் போய், கதவைச் சாத்தி, அடி இடுக்கை ஈரத்துணியால் அடைத்து, சன்னலருகே இருந்து தீயணைப்புத் துறையை அழையுங்கள். வெளியேற முடிந்தால் படிக்கட்டு, மின்தூக்கி வேண்டாம்.

ஐந்தாம் மாடி எழுதியது:

மகளைத் தூக்குவது என் பொறுப்பு, தாயாரோடு வருவது மனைவியின் பொறுப்பு என்று முடிவாகியிருக்கிறது. சாவிக்கு இன்று ஆணி அடித்தேன். சோபா இப்போது சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அதன் பின்னால் எந்த மின் இணைப்பும் இல்லை.